மேலே இருந்த விண்ணப்பம்

நளீம் நானா திருடர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஜனவரி மாதம் முழுவதும் அவர் இதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தார். நாமும் ஒரு தடவை சொல்லிவைத்தால் அவருக்குக் கொஞ்சம் ஒத்தாசையாக இருக்கும்.

வயது ஐம்பத்து நான்கு. மிளகு, கராம்பு வாங்கி மாத்தளை டவுனில் கொடுப்பவர். ஒரு மிளகை எடுத்துப் பல்லில் வைத்து ஒரு கடி கடித்தால் போதும், இது காய்ந்தது, இதற்கு இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கு இருந்த நல்ல பேர் மிளகால் வந்ததல்ல. திங்களும் வியாழனும் அவர் டவுனுக்குப் போவார். நாலந்தாவுக்கு இந்தப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து இறங்கும் அந்தச் சின்னக் கொங்கிரீட் பாதையில் பதினொரு வீடுகள். பதினொரு வீட்டுக் காகிதங்களும் அந்த இரண்டு நாளில் அவரோடுதான் டவுனுக்குப் போகும். அரசாங்கக் கச்சேரிக்கு மனு, கிளினிக் துண்டு, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் போர்ம் என்று எதுவானாலும், "நானா போறாருதானே" என்று கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு துண்டு தொலைந்ததில்லை. ஒன்றில்கூட மழைத்தண்ணி பட்டதில்லை.

பள்ளிவாசல் நிர்வாக சபைக்கு அவரை மூன்று தடவை தெரிவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் என்ன? அந்தச் சபைத் தலைவருடைய காகிதமே நளீம் நானாவின் பையில்தான் போனது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கைகால் முளைத்தால் அது நளீம் நானாவைப் போலத்தான் நடந்து போகும், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, காலில் பாட்டா செருப்போடு.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விதுஷா தன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

விதுஷா முன்வீட்டு முத்துவீரனின் மகள். பாதை ஆரம்பிக்கும் இடத்தில், பெரிய ரோட்டைப் பார்த்தபடி இருக்கும் வீடு அவர்களுடையது. எஸ்டேட் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் முத்துவீரனுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணி, அதில் அவரே கட்டிய இரண்டு அறை. அதற்குப் பின்னால் நளீம் நானாவின் வீடு. விதுஷாவுக்குக் கொழும்புக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டு டாக்டர்மார் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டெழுதும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் வீட்டில் கம்பி வழி வரும் இன்டர்நெட் இருக்க வேண்டும், அதுவும் சொந்தப் பேரில், சொந்த விலாசத்தில். பெப்ரவரி முதலாம் திகதிக்குள் இல்லாவிட்டால் கொழும்புக்கு வந்து ஒபிஸில் உட்கார வேண்டும் என்று கம்பெனி எழுதியிருந்தது.

கொழும்புக்குப் போவதில் ஒரு சிக்கல். அம்மா சுந்தரம்மாவுக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுவது விதுஷாதான். சுந்தரம்மாவுக்குக் கண் மங்கல், ஊசியிலுள்ள கோடு தெரியாது. முத்துவீரனோ சிறுத்தை வந்தாலும் கம்போடு எதிரில் நிற்கக்கூடியவர், ஊசியைக் கண்டால் மட்டும் தலை சுற்றி வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார்.

ஆகவே விதுஷா இன்டர்நெட் தேடினாள். மாப்பிள்ளை பார்ப்பதற்குக்கூட இந்தப் பாதையில் யாரும் இவ்வளவு விசாரித்ததில்லை. சி.ஆர். கொப்பி ஒன்றில் கோடு போட்டு ஒவ்வொரு கம்பெனியின் குணத்தையும் எழுதினாள். சிம் போடும் ரவுட்டர் ஒன்றை இரவல் வாங்கி ஜன்னலில் வைத்துப் பார்த்தாள், கூரையில் வைத்துப் பார்த்தாள், தண்ணீர்த் தாங்கிமேல் வைத்துப் பார்த்தாள். பின்னாலிருக்கும் மலை எல்லாவற்றையும் மறைத்தது. மழை மூடினால் சிக்னலும் மூடிக்கொண்டது. கடைசியில் மிஞ்சியது பெரிய ரோட்டுக் கம்பங்களில் புதிதாக இழுத்திருந்த ஃபைபர் கம்பிதான்.

அதற்கு விலாசத்தை நிரூபிக்க வேண்டும். தோட்டம் கொடுத்த காணிக்கு இன்னும் உறுதிப் பத்திரம் இல்லை. கிராம சேவகரிடம் ஒரு கடிதம், தோட்டக் கந்தோரில் ஒரு கடிதம், இரண்டையும் ஒருவர் பார்த்ததாக மூன்றாமவர் எழுதிய ஒரு கடிதம். மூன்று கிழமை அலைந்து எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு நளீம் நானாவின் கையில் வைத்தாள்.

"மாமா, இதை மட்டும் மடிச்சிராதீங்க."

நளீம் நானா சிரித்தார். அவர் காகிதம் மடிக்கிற ஆளா?

மடிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் கவரைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான். எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தார். பிழை இல்லை. ஆனால் கண் ஒரு தடவை படித்துவிட்டால் மனது சும்மா இருக்குமா? அவர் மனைவி றஹீமா பார்க்கும் துருக்கி நாடகம் மாதத்தின் இருபதாம் திகதிக்கு மேல் ஓடாது. போன மாதம் கதாநாயகி விஷம் கலந்த கோப்பையை வாயருகே கொண்டுபோன நேரத்தில் டேட்டா முடிந்து, பதினொரு நாள் அவள் அப்படியே கோப்பையோடு நின்றாள். அந்தப் பதினொரு நாளும் நளீம் நானாவுக்குச் சோற்றில் உப்பு சரியாக இருக்கவில்லை. டோஹாவில் இருக்கும் மகள் ஜஸ்லா வீடியோவில் பேசும்போது படம் உறைந்துவிடுகிறது என்பதும் ஒரு காரணம். பின்னால் யார் கேட்டாலும் சொல்ல அவர் எடுத்து வைத்திருந்த காரணம் அதுதான்.

டவுனில் இன்டர்நெட் கம்பெனிக் கவுண்டரில் இருந்த சிங்களப் பெண்ணிடம் தனக்கும் ஒரு போர்ம் கேட்டார், சும்மா வைத்திருக்க. பக்கத்துப் பலகையில் விதுஷாவின் போர்மைத் திறந்து வைத்து, அதைப் பார்த்துத் தன்னுடையதை நிரப்பினார். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. அவள் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எழுதினார், வழி அடையாளத்தைக்கூட. வீட்டுப் பத்திரத்தின் பிரதி எப்போதும் அவர் பையில் இருக்கும். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

இரண்டையும் ஒன்றாக நீட்டினார். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் பாதை முனைக் கம்பத்தில் இருக்கும் பெட்டியில் எட்டு வீட்டுக்குத்தான் இடம், ஏழு போய்விட்டது, ஒன்றுதான் மிச்சம் என்றாள். அடுத்த பெட்டி எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. எதை முதலில் போடட்டும் என்று கேட்டாள்.

நளீம் நானாவின் வாழ்க்கையில் இப்படி நேராக யாரும் அவரைக் கேள்வி கேட்டதில்லை. பின்னால் வரிசையில் ஆறு பேர். ஒருவர் இருமினார். 'என்னுடையதைப் போடுங்கள்' என்று அவர் சொல்லவில்லை. இதைப் பிறகு அவர் பலமுறை தனக்கு எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது இவ்வளவுதான்: மேலே இருப்பதைப் போடுங்கள்.

மேலே இருந்தது அவருடையது. அதை மேலே வைத்ததும் அவர்தான்.

அன்று பின்னேரம் விதுஷா வாசலுக்கு வந்து கேட்டபோது, எனக்கும் ஒரு போர்ம் எடுத்தேன், ரெண்டையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டேன் என்று சொன்னார். அதில் ஒரு பொய்கூட இல்லை. இருந்திருந்தால் அதற்காவது தவ்பா செய்து, இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் நளீம் நானாவுக்கு டெலிபோன் வந்தது, லைன் இழுக்க வருகிறோம் என்று. விதுஷாவுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது, உங்கள் பகுதியில் தற்போது வசதி இல்லை, காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருக்கிறீர்கள் என்று. அவள் அதை நாலைந்து தடவை படித்தாள். கம்பம் அவள் வீட்டு ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

நளீம் நானா ஆறுதல் சொல்லப் போனார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதல்ல காரணம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு போனார். முத்துவீரன் வாசலில் நின்று அவருக்கே ஆறுதல் சொன்னார்.

"நீங்க என்ன நானா பண்ணுவீங்க. உங்க வீட்டுக்கு உறுதி இருக்கு, நம்மளுதுக்கு இல்ல. தோட்டத்து விலாசம்னு பார்த்ததும் பின்னால தள்ளிட்டானுங்க. நமக்கு எப்பவும் இப்படித்தானே."

நளீம் நானா தலையை ஆட்டினார்.

போர்மை மேலே வைத்தது ஒரு நொடி. அது கை செய்த வேலை, பின்னால் ஒருவர் இருமினார், மனிதன் தடுமாறுவான். இந்தத் தலையாட்டலுக்கு அப்படி ஒரு சாட்டும் இல்லை. முத்துவீரனின் ஆயுசு முழுக்க எத்தனையோ பேர் அவரைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். அந்த வரிசையின் கடைசியில் தான் போய் நின்றுகொண்டு, முன்னால் நின்றவர்களைக் கை காட்டியாயிற்று. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு யார் தோட்டம், யார் டவுன் என்றே தெரியாது. வீட்டுக்கு வந்து மிளகுச் சாக்குகளை இடம் மாற்றி அடுக்கினார். பிறகு பழைய இடத்திலேயே திரும்ப அடுக்கினார்.

இனிதான் விஷயம் மோசமாகிறது. லைன் இழுக்க வந்த இருவரும் பார்த்துவிட்டு, கம்பி முன்வீட்டுக் காணியின் குறுக்கே போக வேண்டும், வீட்டுக்காரர் சம்மதம் என்று கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். நளீம் நானா முத்துவீரன் வீட்டு கேட் வரைக்கும் மூன்று தடவை போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை சுந்தரம்மா உள்ளே இருந்து, நானாவுக்கு வயிறு கியிறு சரியில்லையா என்று கேட்டாள்.

முத்துவீரன் படிக்காமலே கையெழுத்து வைத்தார். கம்பிக்கு அவருடைய பலாமரத்தின் ஒரு கிளை இடைஞ்சல். கேட்பதற்கு முன்பே கத்தியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். பிஞ்சு பிடித்திருந்த கிளை. வெட்டி இறக்கிய பிறகு லைன் இழுப்பவர்களுக்கு ஏணியையும் பிடித்துக்கொடுத்தார். சுந்தரம்மா வேலைக்காரர்களுக்குப் பிளேன்டீ கொடுத்தாள். மாலையில் அந்தப் பிஞ்சுகளைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்து ஒரு சட்டியில் பின்வீட்டுக்கு அனுப்பிவைத்தாள், புது லைன் வந்திருக்கிறதே என்று.

நளீம் நானா சாப்பிட்டார். சாப்பிடாவிட்டால் றஹீமா ஏன் என்று கேட்பாள். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ரவுட்டரில் நான்கு பச்சை வெளிச்சம். துருக்கிக் கதாநாயகி இருபதாம் திகதிக்குப் பிறகும் நிற்காமல் நடமாடினாள். ஜஸ்லாவின் முகம் உறையாமல் பேசியது. நளீம் நானா அந்த அறையில் ரவுட்டருக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினார். விதுஷாவுக்குப் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார், பெரிய எழுத்தில். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, கம்பெனி இதை ஒத்துக்கொள்ளாது மாமா, என் பேர்ல இருக்கணும் என்றாள். சிக்னலும் அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் கல்லோடு நின்றுவிட்டது. இருந்தாலும் இரண்டு நாள் அவள் அந்தக் கல்லில் குடையோடு உட்கார்ந்து தட்டெழுதிப் பழகிப் பார்த்ததை நளீம் நானா ஜன்னல் வழியாகப் பார்த்தார். மூன்றாம் நாள் ஜன்னலைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் அமானிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள் என்று நிச்சயமாக இருந்தார். மௌலவி டெங்கைப் பற்றிப் பேசினார். உங்கள் வளவில் தேங்கி நிற்பதை நீங்கள்தான் கொட்ட வேண்டும், அடுத்தவன் வந்து கொட்ட மாட்டான் என்றார். பள்ளிவாசல் முழுக்கச் சிரட்டையையும் டயரையும் நினைத்தது. ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

இருபத்தைந்தாம் திகதி ஆகியும் பெட்டி வரவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் விதுஷா தங்க ஒரு போர்டிங் பார்த்தாயிற்று. இனி ஊசி யார் போடுவது? முத்துவீரனும் சுந்தரம்மாவும் யோசித்து யோசித்து றஹீமாவிடம் வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே றஹீமா தலையாட்டினாள். இரண்டு வேளையும் தானே போய்ப் போடுவதாகச் சொன்னாள். ராத்தா இருக்கிறப்ப எனக்கென்ன பயம் என்று சுந்தரம்மா றஹீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நளீம் நானா ஒரு வேலையும் இல்லாமல் வெளியே போனார்.

அடுத்த நாள் பகல், விதுஷா வந்து றஹீமாவுக்கு ஊசி போடப் பழக்கினாள். மேசையில் ஒரு தோடம்பழம். ஊசியில் தண்ணீரை எடுத்து, எந்தக் கோடு வரை என்று பார்த்து, தோலைப் பிடித்துக் குத்த வேண்டும். பின்னால் டி.வி.யில் நாடகம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. றஹீமா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் குத்தினாள். சரிந்து போனது. திரும்பக் குத்தினாள். அம்மாவுக்கு வலது பக்கம் போட்டா வலிக்கும், இடது பக்கமே போடுங்க, அவங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும் என்று விதுஷா சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறாவது குத்தில் நளீம் நானா எழும்பி நின்றார்.

"பிள்ள, கவுண்டர்ல ஒரு எடம்தான் இருந்துது."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யார்ட முதல்ல போடணும்னு கேட்டாங்க. ஒங்கடதுதான் முதல்ல வந்தது. ஒங்கடதப் பார்த்துத்தான் நான் எழுதினதே. நான் என்டத மேல வச்சிட்டன்."

ஜஸ்லாவின் வீடியோவைப் பற்றியும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது வரவில்லை.

விதுஷா ஊசிக்கு மூடி போட்டாள். அதை மேசையில் நேராக வைத்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தவருக்கு அவள் கேட்டது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"உறுதி இல்லாததாலதான்னு அப்பா சொன்னப்போ நீங்க அங்கதான மாமா நின்னீங்க?"

"நின்டேன்."

"ம்."

றஹீமா எழும்பிப் போய் ரவுட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். துருக்கியில் யாரோ யாரையோ மன்னிக்கப் போகும் கட்டம், அப்படியே நின்றது. கணவரைப் பார்க்காமல், தோடம்பழத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பலாக்காக் கறிய நான் ரெண்டு தரம் போட்டுத் தின்னேனே."

நளீம் நானா நாளைக்கே டவுனுக்குப் போய் தன் லைனை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் பெட்டியில் இடம் திரும்பி வரும், பட்டியலில் அடுத்த பேர் எங்களுடையதுதான் என்று விதுஷா சொன்னாள். இதையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள் போலும். காகிதத்தை எல்லாம் தாருங்கள், நானே கொண்டுபோய்... என்று நளீம் நானா ஆரம்பித்தார்.

"வேணாம் மாமா. நானே வர்றேன்."

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் இருந்தாள், அவர் பின்னால். கவரை அவள் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கவுண்டரில் அதே பெண். இரண்டு கிழமைகூட ஆகாத லைனை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டாள். வேகம் போதாதா, வீடு மாறுகிறீர்களா? போர்மில் காரணத்துக்கு மூன்று கட்டம் இருந்தது. வேகம், வீடு, வேறு. நளீம் நானா 'வேறு' என்பதில் அடையாளமிட்டு, அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், கோட்டைத் தாண்டி ஓரத்திலும் எழுதினார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரு வரி போதும் அங்கிள் என்று சிங்களத்தில் சொல்லி, போர்மை மெதுவாக அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

முப்பதாம் திகதி விதுஷாவின் வீட்டுக்கு லைன் வந்தது. கம்பத்திலிருந்து ஜன்னலுக்கு நேராக, பத்து நிமிஷ வேலை. பலாமரத்தின் பக்கமே அந்தக் கம்பி போகவில்லை. முதலாம் திகதி காலை அவள் அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

நளீம் நானா மன்னிப்புக் கேட்க முத்துவீரனிடம் போக அதற்குப் பிறகும் நான்கு நாள் எடுத்தது. விதுஷா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்று அவருக்குத் தெரியும். இந்த நான்கு நாளும் பாதையில் யார் முகத்தைப் பார்த்தாலும் இவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. சபைத் தலைவர்கூட வழக்கம்போலச் சலாம் சொல்லி, வியாழக்கிழமைக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

முத்துவீரன் ஏணி போட்டு, வெட்டிய கிளையின் அடியில் பூச்சி வராமல் தார் பூசிக்கொண்டிருந்தார். நளீம் நானா கீழே நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். மரத்தைப் பார்த்துச் சொல்வதுபோல இருந்தது. முத்துவீரன் பூசி முடித்துவிட்டு இறங்கினார். கையைத் துடைத்தார்.

"நான் ரோட்டுல யார்கிட்டயும் சொல்லல நானா."

"சொல்லியிருக்கலாமே வீரன் அண்ணே. நான் செஞ்சதுதானே."

"சொல்லிட்டா உங்களுக்கு லேசாப் போயிரும்."

கோபமாகச் சொல்லவில்லை. தார் டப்பாவை மூடிக்கொண்டே, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு உள்ளே பார்த்து, நானா வந்திருக்காரு, ஒரு தேத்தண்ணி போடு என்றார். அறையில் விதுஷா யாரோ ஒரு டாக்டரின் குரலை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணி வந்தது. நளீம் நானா நின்றபடியே முழுவதையும் குடித்தார். வேறு என்ன செய்ய முடியும்?